அத்தியாயம் 5: பாகலூர் 1768 – கூலிப்படை ஆட்டம் ஒன்றைத் தாளில் கட்டுவது

இந்த அத்தியாயத்தை முடிக்கும்போது உங்கள் மேசையில் ஒரு முழு ஆட்டம் இருக்கும். ஆறு கூலி வீரர்கள், இரண்டு பீரங்கிகள், ஒரு வரைபடம், ஒரு சம்பள நோட்டு. கணினியை இப்போதைக்கு மூடி வையுங்கள். கடைசிப் பகுதியில்தான் அது வேண்டும்.

நாம் பின்பற்றும் மாதிரிகளை முந்தைய அத்தியாயங்களில் ஆடிப் பார்த்திருப்பீர்கள். 1999இல் வந்த ஜாக்ட் அலையன்ஸ் 2, 2017இல் வந்த பேட்டில் பிரதர்ஸ், 2023இல் வந்த ஜாக்ட் அலையன்ஸ் 3. மூன்றிலும் சண்டை முறை வைத்து நடக்கும். நீங்கள் நகர்த்திய பிறகு எதிரி நகர்த்துவான். ஆனால் இவற்றை மற்றப் போர் ஆட்டங்களிலிருந்து பிரிப்பது துப்பாக்கி அல்ல. ஜாக்ட் அலையன்ஸ் 2இல் ஒரு வீரரை ஒரு நாளுக்கோ, ஒரு வாரத்துக்கோ, இரண்டு வாரத்துக்கோ ஒப்பந்தம் பேசி எடுக்கிறீர்கள். கெடு முடிந்து நீட்டிக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பேட்டில் பிரதர்ஸில் பொழுது விடிந்தால் கூலியும் சாப்பாடும் கழிந்துகொண்டே இருக்கும். ஆகவே முதலில் சம்பள நோட்டு, அப்புறம் படம், கடைசியில் துப்பாக்கி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். புதிதாக ஆட்டம் செய்பவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கியில் ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

ஒசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்த்தவர்களுக்கு இது விளங்க அதிக நேரம் ஆகாது. சம்பளம் ஒரு நாள் தள்ளினால் முணுமுணுப்பு, இரண்டாம் நாள் வருகைப் பதிவில் இடைவெளி, மூன்றாம் நாள் பக்கத்து கம்பெனி வாசலில் ஆள். உங்கள் படையும் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

களம்: ஏன் பாகலூர்?

ஒசூரிலிருந்து மாலூர் போகும் சாலையில் இருக்கிறது பாகலூர். 1768 நவம்பரில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி ஒசூரை நெருக்க, அதைக் காப்பாற்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் வுட் படையுடன் விரைந்தார். வேகமாகப் போக வேண்டுமென்று இரண்டு 18 பவுண்டு பீரங்கிகளையும் மூட்டை முடிச்சுகளையும் பாகலூரிலேயே விட்டுவிட்டார். அவர் ஒசூருக்குள் நுழைந்த நேரத்தில் ஹைதர் சுற்றிவந்து பாகலூரைத் தாக்கினார். பீரங்கிகள் ஹைதர் கைக்கு மாறி பெங்களூருக்குப் போய்விட்டன. கோட்டைக்குள் ஓட முண்டியடித்த ஊர்மக்கள் வாசல் நெரிசலில் பலர் மாண்டதாக, மைசூர் வரலாறு எழுதிய மார்க் வில்க்ஸ் சொல்கிறார்.

சின்ன இடம், சில மணி நேரம், தூக்க முடியாத சுமை, பூட்டப்போகும் வாசல். முதல் ஆட்டத்துக்கு இதைவிட நல்ல களம் கிடைக்காது. பலருக்கு கிருஷ்ணகிரி மலைக்கோட்டைமீது ஆசை வரும். 1791 நவம்பரில் கம்பெனிப் படையின் மேக்ஸ்வெல் கீழ்க்கோட்டையைப் பிடித்தும் மேல்கோட்டையில் ஏற முடியாமல் திரும்பிய கதை அருமையானதுதான். ஆனால் மலைச்சரிவுக்கு விதி எழுதுவது பெரிய வேலை. இரண்டாம் ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தேவையான பொருட்கள்

ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்ட கிராஃப் தாள் நான்கு, லூடோ பெட்டியிலிருந்து இரண்டு பகடை, காய்களுக்குச் சட்டைப் பொத்தான்களோ ஒரு ரூபாய்க் காசுகளோ, பென்சில், அழிப்பான், ஒரு கணக்கு நோட்டு. பேனா வேண்டாம். இந்தக் கட்டத்தில் நீங்கள் எழுதும் எண்களில் பாதி மாறிவிடும்.

படி 1: ஆட்களும் சம்பளமும்

நோட்டில் ஐந்து பத்தி போடுங்கள்: பெயர், வகை, நாள் கூலி, தாய்மொழி, பாக்கி. கணக்கு எளிதாக இருக்க 10 பணம் ஒரு வராகன் என்று வையுங்கள். மூன்று வகை ஆட்கள் போதும்.

1. துப்பாக்கிச் சிப்பாய், மூவர். நாளுக்கு 2 பணம்.
2. சிலேதார், ஒருவர். நாளுக்கு 4 பணம். சிலேதார் என்றால் சொந்தக் குதிரையோடு வேலைக்கு வரும் குதிரை வீரர். மராட்டியப் படையிலும் மைசூர்ப் படையிலும் இவர்கள் ஏராளம். குதிரை செத்தால் பிழைப்பே போய்விடும். அதனால் பீரங்கி முன்னால் பாயத் தயங்குவார். இதை விதியாகவே எழுதுங்கள்: எதிரியின் பீரங்கியோ மூன்று துப்பாக்கிகளோ பார்வையில் இருந்தால், முன்னேறுவதற்கு இரண்டு பகடை போட்டு 8 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். "குதிரை செத்தால் ஈடு தருவேன்" என்று நீங்கள் 15 பணம் ஒதுக்கிவைத்தால் 5 வந்தாலே போதும்.
3. ஊர்ச் சேவகர், இருவர். நாளுக்கு 1 பணம். வாளும் ஈட்டியும்தான். சுமை இழுக்க இவர்கள்தான் கதி.

நாள் கூலி மொத்தம் 12 பணம். கையிருப்பு 60 பணம். ஐந்து நாள் தாங்கும். குதிரை ஈட்டை ஒதுக்கினால் 45தான் மிச்சம், நான்காம் நாள் முழுக்கூலி கிடையாது. ஆட்டத்தின் முதல் முடிவு இங்கேயே வந்துவிட்டதைக் கவனியுங்கள். ஒரு குண்டுகூட இன்னும் வெடிக்கவில்லை.

தானியம்: ஆளுக்கு நாள் ஒரு படி, குதிரைக்கு இரண்டு. ஆக நாளுக்கு எட்டு. ஒரு பொதிமாடு 24 படி சுமக்கும் என்று வைத்தால் மூன்று நாளைக்கு ஒரு மாடு. தானியத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். 1791 மே மாதம் கம்பெனிப் படைத்தலைவர் காரன்வாலிஸ், ஹைதரின் மகன் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய்விட்டு, மாடுகள் செத்துத் தானியம் தீர்ந்ததால் தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துவிட்டுத் திரும்பினார். பிறகு அவரைத் தூக்கி நிறுத்தியதில் மாட்டுப் பொதிகளோடு ஊர் ஊராகத் தானியம் விற்ற பஞ்சாரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் நோட்டில் ஒரு பஞ்சாரரையும் சேர்க்கலாம்: அவர் யார் பக்கமும் இல்லை, ரொக்கம் கொடுப்பவருக்கு மாடு.

படி 2: சம்பளம் தள்ளிப்போனால்

1. முதல் நாள் பாக்கி: ஒன்றும் நடக்காது. நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.
2. இரண்டாம் நாள்: ஒவ்வொருவருக்கும் இரண்டு பகடை. 5 அல்லது கீழே வந்தால் போய்விடுவார். நூற்றுக்கு 28 வாய்ப்பு.
3. மூன்றாம் நாள்: 7 அல்லது கீழே வந்தால் போய்விடுவார். நூற்றுக்கு 58.
4. போகிறவர் எதிரிப் பக்கம் சேர்வாரா? ஒரு பகடையில் 6 வந்தால் மட்டும். இது மிகை என்று நினைக்க வேண்டாம். 1767இல் ஹைதரோடு கைகோத்த ஹைதராபாத் நிஜாம் 1768 தொடக்கத்தில் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டார்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு: "விசுவாசம்" என்று ஒரு எண்ணை ஒவ்வொரு ஆளுக்கும் 1 முதல் 100 வரை கொடுத்து, அது ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று ஆடுபவருக்குத் தெரியாமல் விட்டுவிடுவது. பாக்கி நாட்களே போதுமான அளவுகோல். ஆடுபவர் அதை எண்ண முடியும், எண்ணினால் பயப்பட முடியும்.

படி 3: வரைபடம்

1. தாளில் 20க்கு 14 கட்டம் அடையாளமிடுங்கள். ஒரு கட்டம் சுமார் 15 மீட்டர்.
2. மேற்கு ஓரத்தில் 5க்கு 6 கட்ட அளவில் கோட்டை. கிழக்குப் பக்கம் ஒரே ஒரு வாசல் கட்டம்.
3. வாசலிலிருந்து சரியாக ஆறு கட்டம் தள்ளி இரண்டு பீரங்கிகள். பக்கத்தில் நான்கு மூட்டை வண்டிகள்.
4. நடுவில் ஒரு ஏரிக்கரை, இரண்டு புளியமரம், நாலைந்து வீடு. இவை மறைவிடம்.
5. எதிரி, அதாவது ஹைதரின் படை, கிழக்கு ஓரத்திலிருந்து வருவான். முதலில் ஆறு பேர், நான்காம் சுற்றில் இன்னும் நால்வர்.
6. மூன்றாம் சுற்று முதல் ஒவ்வொரு சுற்றும் வாசலைச் சுற்றி இரண்டு ஊர்மக்கள் காய் சேரும். வாசல் கட்டத்தில் மக்கள் நிற்கும்போது பீரங்கி நுழைய முடியாது. வழிவிடச் சொல்லி ஒரு ஆள் ஒரு முழுச் சுற்றைச் செலவிட்டால் இருவர் உள்ளே போவார்கள்.

அறுகோணக் கட்டம் எனக்கும் பிடிக்கும். பேட்டில் பிரதர்ஸ் அதில்தான் ஓடுகிறது. ஆனால் அதைத் தாளில் வரைய நேரம் பிடிக்கும், வீடு, மதில், வாசல் எல்லாம் அதில் கோணலாக உட்காரும். முதல் ஆட்டத்துக்குச் சதுரமே வசதி.

படி 4: நகர்வும் சுடுதலும்

ஒவ்வொரு ஆளுக்கும் சுற்றுக்கு 8 ஆக்‌ஷன் பாயின்ட். மிஞ்சியதைச் சேமிக்க முடியாது.

நேராக ஒரு கட்டம் 2 பாயின்ட், மூலைவாட்டில் 3. (மூலைக்கும் 2 என்று வைத்தால் எல்லோரும் கோணல்மாணலாகவே ஓடுவார்கள், இது சதுரக் கட்டத்தில் எல்லோரும் விழும் குழி.) குதிரைக்கு நேர் 1, மூலை 2. ஏரிக்கரை ஏற 1 கூடுதல். பீரங்கியை இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால் சுற்றுக்கு ஒரு கட்டம். அந்தச் சுற்றில் அவர்களால் வேறெதுவும் செய்ய முடியாது.

சுட 3 பாயின்ட். மீண்டும் மருந்து கிட்டிக்க 6. கூட்டினால் 9, கையில் இருப்பதோ 8. ஒரே சுற்றில் சுட்டு, கிட்டித்து, மறுபடி தயாராக முடியாது. அந்தக் காலத் துப்பாக்கியின் மந்தம் இந்த ஒரு கூட்டலிலேயே வந்துவிடுகிறது. வேறு விதி எதுவும் எழுத வேண்டாம்.

குறி அடிக்க இரண்டு பகடையின் கூட்டுத்தொகை:

- 3 கட்டத்துக்குள்: 7 அல்லது மேல் (நூற்றுக்கு 58)
- 4 முதல் 6 கட்டம்: 9 அல்லது மேல் (நூற்றுக்கு 28)
- மறைவில் இருப்பவரைச் சுட்டால் தேவையான எண்ணில் 2 கூடும்
- 6 கட்டத்துக்கு மேல்: சுட வேண்டாம், மருந்து வீண்

தூரத்தில் ஒருவர் தனியாகச் சுட்டால் வாய்ப்பு 28தான். மூவர் ஒரே இலக்கைச் சுட்டால் ஒருவராவது அடிக்கும் வாய்ப்பு 62. இந்த எண்களைத் தாளின் ஓரத்திலேயே ஆடுபவருக்குத் தெரியும்படி எழுதுங்கள். மறைத்துவைத்தால் ஆட்டம் ஆழமாகிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆபத்து எவ்வளவு என்று தெரிந்தும் இறங்குவதில்தான் ருசி.

எதிரியிடம் ஒரே ஒரு ராக்கெட்காரர். இரும்புக் குழாய் ராக்கெட்டுக்குப் பேர்போனது மைசூர்ப் படை. ராக்கெட்டுக்கு ஒரு பகடை: 1, 2 வந்தால் இடப்பக்கம் விலகும், 3, 4 நேர், 5, 6 வலப்பக்கம். யாரையும் அடிக்காவிட்டாலும் இரண்டு கட்டத்துக்குள் இருக்கும் குதிரை மிரண்டு ஒரு சுற்றை இழக்கும்.

படி 5: எதிரிக்கு மூன்று வரி

எதிரியை இப்போது நீங்களே நகர்த்துவீர்கள். ஆனால் உங்கள் புத்தியால் அல்ல, இந்த மூன்று வரியால்:

1. 8 கட்டத்துக்குள் பீரங்கி தெரிந்தால் அதை நோக்கிப் போ.
2. இல்லையென்றால், தெரிகிறவர்களில் மிக அருகில் இருப்பவரைச் சுடு.
3. பாதிப்பேர் விழுந்தால் கிழக்கே பின்வாங்கு.

வரிகளை மேலிருந்து கீழாகப் படித்து, பொருந்தும் முதல் வரியைச் செய்யுங்கள். மூன்றாம் வரி பொருந்தினால் மட்டும் அது மற்ற இரண்டையும் மீறும். பிறகு கணினியில் எழுதும்போது இதே வரிகள் அப்படியே நிரலாகும். சுவருக்குப் பின்னால் ஒளிந்தவரை எதிரி "தெரிந்துகொண்டு" வந்தால் அது ஏமாற்று ஆட்டம். ஆடுபவர் இரண்டாம் சுற்றிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

படி 6: வெற்றிக் கணக்கு

பத்துச் சுற்று. கோட்டைக்குள் வந்த பீரங்கி ஒவ்வொன்றுக்கும் 5, வண்டிக்கு 2, உயிரோடு இருக்கும் ஆளுக்கு 1, உள்ளே வந்த ஊர்மக்கள் காய்க்கு 1. வண்டியை ஒருவர் இழுக்கலாம், பீரங்கியின் வேகமேதான். இரண்டு பீரங்கியையும் இழுக்க நால்வர் வேண்டும். அப்போது சுட இருவர்தான் மிச்சம். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. காப்பாற்ற முடிந்தால் உங்கள் எண்கள் தவறு.

மொழி விதி (வேண்டுமானால்)

ஒசூர் பேருந்தில் கண்டக்டர் தெலுங்கில் கேட்க, பயணி கன்னடத்தில் பதில் சொல்ல, சில்லறைத் தகராறு தமிழில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அன்றைய படையும் அப்படித்தான் பல மொழிக் கலவை. நோட்டின் தாய்மொழிப் பத்தியில் த, தெ, க, உ (உருது) என்று போடுங்கள். ஒரே பீரங்கியை இழுக்கும் இருவருக்கும் பொதுமொழி இல்லாவிட்டால், அவர்கள் நகர ஒரு பகடையில் 2 அல்லது மேல் வர வேண்டும். சின்ன விதி, ஆனால் ஆள் எடுக்கும்போதே யோசிக்க வைக்கும்.

படி 7: சோதனை

முதலில் தனியாக ஆடுங்கள். அடுத்து நண்பர் ஒருவரை உட்காரவைத்து விதித்தாளை மட்டும் கொடுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் குறித்துக்கொள்ளுங்கள். கேள்வி எழுந்த இடத்தில் விதி தெளிவாக இல்லை. ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. இன்னொன்று: ஹைதர், திப்பு பெயர்கள்மீது இங்கே பலருக்கு மரியாதையும் உணர்ச்சியும் உண்டு. எதிரிக் காய்க்குக் கேலிப் படம் வரையாதீர்கள். இன்னும் நல்ல வழி, ஹைதர் பக்கமும் ஆடும்படி அமைப்பது.

களத்தை நேரில் பார்க்கப் போகும்போது

கோட்டைகளைப் பார்த்தால் வரைபடம் உயிர்பெறும். 1791 ஜூலையில் கம்பெனி வசம் போன ராயக்கோட்டை, மேலே சொன்ன கிருஷ்ணகிரி மலைக்கோட்டை இரண்டும் ஏறிப் பார்க்க வேண்டியவை. சில எச்சரிக்கைகள்:

- இரண்டும் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். கல்லைப் பெயர்ப்பதோ, அளவுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதோ கூடாது. காலடி எண்ணி அளந்தாலே போதும். அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடாதீர்கள்.
- இரவு ஷிப்ட் முடிந்த கையோடு மலை ஏறாதீர்கள், பைக்கும் ஓட்டாதீர்கள். தூங்கி எழுந்து இன்னொரு நாள் போங்கள்.
- மழைக்குப் பிறகு வழுக்குப்பாறை ஆபத்து. வெயில் ஏறும் முன் இறங்கிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கூட ஒரு துணை.
- பாறையிடுக்கில் தேன்கூடு இருந்தால் சத்தமும் புகையும் வேண்டாம்.
- ராகி அறுவடையை ஒட்டிய குளிர்மாதங்களில் யானைக் கூட்டங்கள் ஒசூர்க் காடுகளுக்கு வரும். ஒசூர்–ராயக்கோட்டை சாலையில் சானமாவுப் பக்கம் விடியலிலும் அந்தியிலும் போவதைத் தவிருங்கள். வனத்துறை எச்சரித்தால் திரும்பிவிடுங்கள்.

கணினிக்கு மாற்றும்போது

தாளில் ஆட்டம் நன்றாக ஓடிய பிறகு மட்டும்.

1. கோடோ என்ற இலவச எஞ்சினின் நான்காம் பதிப்பை எடுங்கள். மூன்றாம் பதிப்பில் தமிழ் எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறி உடையும். நான்கில் சரியாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இலவசம்.
2. முதலில் சம்பள நோட்டை நிரலாக்குங்கள். கட்டமும் காய்களும் அடுத்து. வழி கண்டுபிடிக்கும் கணக்கை நீங்களே எழுத வேண்டாம்; ஏ-ஸ்டார் முறை எஞ்சினிலேயே தயாராக இருக்கிறது.
3. பகடை எறிந்த பிறகு சேவ் செய்ததைத் திரும்பத் திறந்து மறுபடி எறிய இடம் கொடுக்காதீர்கள். சுற்றின் தொடக்கத்திலேயே பகடை வரிசையைத் தீர்மானித்து அதையும் சேவ் கோப்பில் எழுதிவிட்டால் போதும்.
4. கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் இந்த வேலை செய்யாதீர்கள். வேலை ஒப்பந்தத்தைப் பொறுத்து ஆட்டத்தின் உரிமையே சிக்கலாகலாம்.
5. படத்துக்கும் ஒலிக்கும் மற்ற ஆட்டங்களிலிருந்து உருவக் கூடாது. கென்னி என்ற பெயரில் வெளியாகும் பொதுவுரிமைப் படங்கள் தொடக்கத்துக்குப் போதும்.
6. ஒவ்வொரு இரவும் ஒரு பிரதி பென் டிரைவில், ஒரு பிரதி இணையத்தில். மின்வெட்டு சொல்லிவிட்டு வருவதில்லை.
7. திருட்டுப் பிரதி ஆட்டங்களை மாதிரிக்காக இறக்காதீர்கள். வைரஸ் வந்தால் போவது உங்கள் நிரல்.

இரண்டாம் களம்: ஹொஸ்கோட்டை இரவு

பாகலூர் பழகிவிட்டால் இதை முயலுங்கள். 1768 ஆகஸ்டில் கம்பெனிக்குத் துணையாகத் தன் குதிரைப்படையோடு வந்த மராட்டியத் தலைவர் முராரி ராவ், ஒசூருக்கு வடக்கே ஹொஸ்கோட்டை அருகே முகாம் போட்டிருந்தார். இருட்டில் ஹைதரின் குதிரைப்படை முகாமுக்குள் புகுந்தது. யாரும் குதிரை ஏற வேண்டாம், அவரவர் குதிரையின் தலைப்பக்கம் நில்லுங்கள் என்று முராரி ராவ் உத்தரவிட்டதாக வில்க்ஸ் எழுதுகிறார். குதிரைமேல் இருப்பவன் எதிரி, அவ்வளவுதான் கணக்கு. காயம்பட்ட யானை ஒன்று சங்கிலியை அறுத்து, அதையே துதிக்கையில் பிடித்து வீசி, வந்தவர்களைச் சிதறடித்ததும் அந்த இரவில்தான்.

விதிகள்: பார்வை இரண்டு கட்டம் மட்டும். குதிரை ஏறியிருக்கும் எந்தக் காயையும், உங்களுடையதானாலும், உங்கள் ஆட்கள் சுடுவார்கள். காலில் நிற்பவர் இரண்டு கட்டத்துக்கு அப்பால் கண்ணில் படமாட்டார். யானைக்கு ஒரு காய். அதற்குக் காயம் பட்டதும் அது யாருடைய முறையும் இல்லை: ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இரண்டு பகடை போட்டு, முதல் பகடை திசையைக் காட்டும், இரண்டாவது அது ஓடும் கட்டங்களின் எண்ணிக்கை. வழியில் இருக்கும் எல்லாக் காய்களும் விலக வேண்டும், விலக இடமில்லாதவை விழும். யானையின் பாகனுக்கும் நோட்டில் நாள் கூலி போட மறக்காதீர்கள்.